தமிழ்ச் சங்கடம், மலையாளச் சங்கடம்

எனக்குப் பக்கவாதம் வந்த நேரத்தில் நான் ஒரே ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். 'வெள்ளம்' என்பது அந்தச் சொல்.

வஞ்சியூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் நான் மொழிபெயர்ப்பாளர். தெற்கே, தமிழும் மலையாளமும் கலக்கும் எல்லையோரத்து நிலங்களின் பழைய பத்திரங்கள் பல தமிழில் இருக்கும். கோர்ட்டுக்கு மலையாளத்தில் வேண்டும். நான் பெயர்த்து எழுதி, கடைசியில் 'மூலத்துக்கு உண்மையானது' என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போடுவேன். சம்பளம் ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆனால் அந்தக் கையெழுத்தை நம்பி இரண்டு குடும்பங்கள் வழக்காடும், அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

அன்றைய பத்திரத்தில் ஒரு வரி: 'வெள்ளம் வரும் காலம் மேற்படி வரப்பில் வழி விட வேண்டியது.' தமிழில் வெள்ளம் என்றால் ஊரைப் புரட்டிப்போடும் வெள்ளம். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். முதல் அர்த்தத்தில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை வழி விட்டால் போதும். இரண்டாவது அர்த்தத்தில் வாய்க்கால் திறக்கும் ஒவ்வொரு தடவையும் விட வேண்டும். பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேர் இந்த ஒரு வரிக்காகப் பல வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. எந்த வெள்ளம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது பேனா கையிலிருந்து விழுந்தது.

குனிந்து எடுக்கப் பார்த்தேன். கை வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் சந்திரிகாவிடம் 'பேனாவை எடு' என்று சொல்ல வாயைத் திறந்தேன். "பேனா... பேனா..." என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

சந்திரிகா என் முகத்தைப் பார்த்தாள். "சேச்சீ, வாய் எந்தா கோணியிருக்குந்நே? கை ரெண்டும் ஒந்நு பொக்கிக்கே" என்றாள். சேச்சி என்றால் இங்கே அக்கா. வாய் ஏன் கோணியிருக்கிறது என்று கேட்டு, இரண்டு கையையும் தூக்கச் சொல்கிறாள். தூக்கினேன். இடது கை நின்றது, வலது கை தானாகக் கீழே இறங்கியது. அவளுடைய அப்பாவுக்கு இதே மாதிரி வந்திருக்கிறது. ஒரு நிமிஷம்கூட வீணாக்காமல் என்னை ஆட்டோவில் தள்ளி ஏற்றிவிட்டாள். இன்று இதை எழுத முடிவதற்குப் பாதிக் காரணம் அவள்தான். இதைப் படிக்கிறவர்கள் மற்றதையெல்லாம் மறந்தாலும் அந்தக் கை தூக்குகிற பரீட்சையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் முதலில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடது பக்கத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் ஒரு சிறிய குழாயில் இரத்தக்கட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். சின்ன வயதுக்காரர், என் மகளைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருந்தால் அதிகம். சீக்கிரம் கொண்டுவந்துவிட்டதால் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடலாம் என்றார். போட்டார்கள். சாயங்காலத்துக்குள் வாய்க்கோணல் முக்கால்வாசி சரியானது. வலது கை மட்டும் தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி சொன்னதைக் கொஞ்சம் தாமதமாகக் கேட்டது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள், பாதி நாள் மறந்துவிடுவேன். அதை டாக்டரிடம் ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில்தான் வேடிக்கை ஆரம்பித்தது. ஒரு நர்ஸ் வந்து, "அம்மே, வெள்ளம் வேணோ?" என்றாள். நான் திடுக்கிட்டுத் தரையைப் பார்த்தேன். வார்டு காய்ந்துதான் கிடந்தது. அவள் டம்ளரை நீட்டிய பிறகுதான் தண்ணீர் என்று உறைத்தது. கொஞ்ச நேரம் கழித்து நெற்றியில் கை வைத்து, "பனியுண்டோ?" என்றாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். சித்திரை வெயிலில் பனி எங்கிருந்து வரும்? காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கிறாள் என்று புரிவதற்குள் நான் மெல்லப் பத்து எண்ணியிருக்கலாம்.

இது எனக்கு நடக்கக்கூடாத விஷயம். மலையாளம் எனக்குக் கல்யாணத்தோடு வந்த மொழி. கல்லிடைக்குறிச்சியிலிருந்து இருபத்து நான்கு வயதில் ஸ்ரீவராகத்துக்கு வந்தேன். என் கணவர் ஹரிஹரன் நாலு தலைமுறையாக இந்தத் தெருவில் பிறந்தவர். அவர் தமிழ் என்று நினைத்துக்கொண்டு பேசுவதில் பாதி மலையாளம். இவரைப் புரிந்துகொள்வதற்காகவே முதல் மாதத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். இரண்டு மொழியிலும் ஒரே முகம் வைத்துக்கொண்டு வேறு அர்த்தம் சொல்லும் சொற்களை அதில் எழுதினேன். அவற்றுக்கு 'வேஷக்காரச் சொற்கள்' என்று பெயரும் வைத்தேன். அந்த நோட்டுதான் பின்னால் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. அதை எழுதிய மூளைக்கு இப்போது 'வெள்ளம்' என்றால் தமிழ் மட்டும்தான் முதலில் கேட்கிறது. மலையாளம் போய்விடவில்லை, அடுத்த பஸ்ஸில் வருகிறது.

பயப்பட வேண்டியதுதான். ஆனால் அப்போது பயத்தைவிட ஆச்சரியமே அதிகமாக இருந்தது. இருபத்தெட்டு வருஷம் கலந்து பேசிய இரண்டு மொழிகளும் உள்ளே தனித்தனி அறையில்தான் குடியிருந்தன போலிருக்கிறது. ஒன்றின் வாசல் மட்டும் கொஞ்சம் இறுகிக்கொண்டது.

நான்காம் நாள் அழுகை வந்தது.

ஹரிஹரன் டிபன் கேரியரில் ரசம் சாதம் கொண்டுவந்தார். ஸ்பூனை என் வாயருகே கொண்டுவந்து, "ஊதிக் குடி, சூடாக்கும்" என்றார். சூடாயிருக்கும் என்று பொருள். நான் ஓவென்று அழுதேன். தோள் குலுங்கி, கண்ணீர் தாரையாக. அழுதுகொண்டிருக்கும்போதே உள்ளே ஒருத்தி சாவகாசமாக உட்கார்ந்து, 'எதற்கு அழுகிறோம்?' என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ரசத்தில் உப்பு குறைவு என்பதைத் தவிர எனக்கு அந்த நிமிஷம் ஒரு குறையும் இல்லை.

நர்ஸ் ஓடிவந்து, "கரையண்டா அம்மே, ஒக்கே சரியாவும்" என்றாள். மலையாளத்தில் கரைவது என்றால் அழுவது. என் காதில் விழுந்தது தமிழ்க் கரைதல். கட்டி கரையட்டும் என்று ஊசி போட்டவர்களே கரைய வேண்டாம் என்கிறார்களே என்று நினைத்தேன். உடனே சிரிப்பு வந்தது. அழுகையிலிருந்து நேரே சிரிப்பு, நடுவில் மூச்சு விடக்கூட இடம் இல்லை. ஹரிஹரன் ஸ்பூனைப் பிடித்தபடியே நின்றார்.

அதற்குப் பிறகு தினமும் நாலைந்து தடவை. டி.வி.யில் சிமென்ட் விளம்பரம் வந்தால் அழுகை. டாக்டர் கையைக் குலுக்கினால் அழுகை. ஹரிஹரனின் அக்கா தங்கம் பார்க்க வந்தாள். பழங்களை மேஜையில் வைத்துவிட்டு, தன் அடுத்த வீட்டுக்காரருக்கும் இதே மாதிரி வந்து மூன்றே நாளில் போய்ச் சேர்ந்த கதையை விவரமாகச் சொன்னாள். நோயாளியைப் பார்க்க வரும் ஜனங்களுக்கு இப்படி ஒரு கதை எப்போதும் கைவசம் இருக்கும். எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. செத்துப்போன மனிதருக்காக நிஜமாகவே வருத்தப்பட்டேன், ஆனால் முகம் சிரித்தது. தங்கம் அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோதும் நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மெதுவாக, "சங்கடம் உண்டோ?" என்று கேட்டார்.

நான் யோசித்தேன். ஒரு சின்னப் பையன் டாக்டர் முன்னால், வார்டு முழுக்கப் பார்க்க, காரணமே இல்லாமல் மூக்கு ஒழுக அழுவது யாருக்குத்தான் சங்கடமாக இருக்காது? "ரொம்ப சங்கடமா இருக்கு" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு ஹரிஹரனைப் பார்த்தார். அவர், "நல்ல சங்கடம் உண்டு டாக்டர். இன்னலெயும் கரஞ்ஞு" என்றார். நேற்றும் அழுதாள் என்று சாட்சி. டாக்டர் ஏதோ எழுதினார். மனச்சோர்வு. பக்கவாதத்துக்குப் பின் பலருக்கும் வருவதுதான், வீட்டில் சிரமம் எதுவும் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஒரு மாத்திரையும் சேர்த்தார். எனக்கு மனச்சோர்வு என்று யார் சொன்னது என்று எனக்கு விளங்கவில்லை. சொன்னது நான்தான் என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தேன். சிரமம் கொடுக்காமல் பார்த்துக்கொள்வதில் என் வீட்டாரை மிஞ்ச ஆள் கிடையாது. மகள் நித்யாவுக்குக் கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை. அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்க வந்துவிட்டாள். ஹரிஹரன் போன வருஷம் ஓய்வு பெற்றவர். அடுக்களையை முழுசாகக் கைப்பற்றினார். இருவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். செய்தித்தாளில் சாவுச் செய்தி இருந்தால் அந்தப் பக்கத்தை உருவிவிட்டுக் கொடுத்தார்கள். நான் என்ன கேட்டாலும், "சாரமில்லே, நீ ரெஸ்ட் எடு" என்றார் ஹரிஹரன். பரவாயில்லை என்பதை இந்தத் தெருவில் அப்படித்தான் சொல்வார்கள். சாரம் நிறைய இருந்தது, சொல்லத்தான் விடவில்லை.

அழுகையைத் தவிர வேறு மாற்றங்களும் இருந்தன. காபி போடப் போனால் எது முதல், எது அடுத்தது என்று வரிசை குழம்பியது. ஃபில்டரில் வெந்நீரை ஊற்றிவிட்டுப் பொடியைத் தேடினேன். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் ஒருவர் பேச்சும் பிடிபடவில்லை. கால் மணி நேரம் படித்தால் மூளை கடை அடைத்துவிடும். கோபம் வேறு. நான் கொஞ்சம் முன்கோபி என்று ஹரிஹரன் சொல்வதுண்டு, 'கொஞ்சம்' என்பதை மரியாதைக்குச் சேர்ப்பார். இப்போது அந்தக் கொஞ்சத்துக்குத் தாழ்ப்பாளே இல்லை. குக்கர் விசில் அடித்ததற்கு நித்யாவைத் திட்டினேன். அவள் பதில் பேசாமல் என் தலையைக் கோதிவிட்டாள். அந்தப் பொறுமைதான் எனக்குப் பயமாக இருந்தது. சரிக்குச் சரி சண்டை போடும் பெண் அவள்.

ஒரு நாள் மத்தியானம் பக்கத்து அறையில் ஹரிஹரன் போனில் பேசுவது கேட்டது. "கோமதி இனி வரில்லா மேடம். வேற ஆளெ நோக்கிக்கோளூ."

அந்த வாக்கியத்தில் வேஷக்காரச் சொல் ஒன்றுகூட இல்லை. முதல் தடவையிலேயே புரிந்தது. கோமதி நான், மேடம் என்பவர் எங்கள் வக்கீல் ஷைலஜா. என் நாற்காலியை நான் இல்லாமலே காலி செய்துகொண்டிருந்தார்கள்.

எழுந்து போய், "என்னைக் கேக்காம எப்படிச் சொல்லலாம்? அந்தப் பத்திரம் என்னோடது, நான்தான் முடிப்பேன்" என்று சொல்ல நினைத்தேன். வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். "என்னைக் கேக்காம" என்றதும் அழுகை பிடித்துக்கொண்டது. மிச்சம் வரவில்லை.

"பாத்தியா, இப்பவே இப்படிக் கரையறே" என்றார் அவர். அவர் குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான். "கோர்ட்டுக் காரியமெல்லாம் உனக்கு மதி, கேட்டியா. சங்கடம் கூடும்." மதி என்றால் போதும்.

"எனக்கு... சங்கடம்... நீங்க பண்றதுதான்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. என் துக்கத்துக்கே அவர்தான் காரணம் என்று நான் சொன்னதாக அவருக்குப் பட்டிருக்கிறது. நான் சொன்னது, நீங்கள் செய்வது எனக்கு அவமானமாக இருக்கிறது என்று. இரண்டு பேரும் அன்று ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். நான் வாய் திறந்து வாதாடினால் என் முகமே எனக்கு எதிராகப் பொய்ச் சாட்சி சொன்னது. பக்கவாதத்துக்குப் பிறகு நான் நிஜமாகவே பயந்தது அன்றைக்குத்தான்.

வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்குப் போவேன். அஞ்சு என்ற பெண்தான் தெரபிஸ்ட். ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகத்தின் பெயர் சொல்ல முடிகிறது, சொன்ன ஐந்து சொற்கள் கொஞ்ச நேரம் கழித்து நினைவிருக்கிறதா, கடிகாரம் வரைந்து பத்து மணி பத்து நிமிஷம் காட்டு, இப்படிப் போகும். முதல் தடவை நான் வரைந்த கடிகாரத்தில் எல்லா எண்ணும் ஒரே பக்கம் கூட்டமாக நின்றன. அதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது, அதுவும் நிற்கவில்லை.

அன்று அஞ்சு படங்கள் அச்சிட்ட அட்டைகளைப் பரப்பினாள். அவள் ஒரு சொல் சொல்வாள், பொருத்தமான படத்தை நான் எடுக்க வேண்டும். சந்தோஷம், சிரிக்கும் குழந்தை. தேஷ்யம், பல்லைக் கடிக்கும் மனிதர். கோபத்துக்கு மலையாளத்தில் தேஷ்யம், அது ஞாபகம் வந்துவிட்டது. "சங்கடம்" என்றாள். நான் யோசிக்காமல் ஓர் அட்டையை எடுத்தேன். கல்யாணப் பந்தியில் எல்லாரும் உட்கார்ந்துவிட, இடம் கிடைக்காமல் ஒருத்தர் மட்டும் நடுவில் நிற்கிறார், எல்லாரும் அவரைப் பார்க்கிறார்கள்.

"இது சங்கடமல்லல்லோ சேச்சீ. இது நாணக்கேடல்லே?" என்றாள் அஞ்சு. இது வெட்கக்கேடு அல்லவா என்கிறாள். அவளே இன்னோர் அட்டையை எடுத்துக் காட்டினாள். உடைந்த பொம்மையை வைத்துக்கொண்டு தேம்பி அழும் சின்னப் பெண். "இதாணு சங்கடம்."

அடுத்த பஸ் வந்து நின்றது. அதிலிருந்து டாக்டர் இறங்கினார், ஹரிஹரன் இறங்கினார், அந்தக் கட்டில் இறங்கியது.

வீட்டுக்கு வந்ததும் நித்யாவிடம் அலமாரியின் மேல்தட்டிலிருந்து நோட்டை எடுத்துத் தரச் சொன்னேன். முதல் பக்கம், முதல் வரி, என் இருபத்து நான்கு வயதுக் கையெழுத்து: 'சங்கடம் - இங்கே துக்கம். நம்மூர்ச் சங்கடம் இல்லை. ஜாக்கிரதை.' அடியில் இரண்டு கோடு. கல்யாணமான முதல் வாரம் ஹரிஹரன், "ஊரை விட்டு வந்ததிலே சங்கடமா இருக்கோ?" என்று கேட்டிருந்தார். கூச்சம் ஒன்றும் இல்லை என்ற அர்த்தத்தில், "சங்கடமெல்லாம் ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டேன். அம்மா அப்பாவை நினைத்துக்கூட வருந்தாத கல்நெஞ்சக்காரியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோமே என்று அந்த மனிதர் ஒரு வாரம் மலைத்துப்போய்த் திரிந்தார். அதிலிருந்து பிறந்த நோட்டு இது. இருபத்தெட்டு வருஷம் கழித்து அதே குழியில் அதே இரண்டு பேரும் விழுந்திருக்கிறோம், இந்தத் தடவை ஒரு டாக்டரையும் சேர்த்துக்கொண்டு.

சிரித்தேன். நிஜமான சிரிப்பு, கூடவே நோயின் சிரிப்பும் சேர்ந்துகொண்டதால் நிறுத்தவே முடியவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த ஹரிஹரனிடம் நோட்டை நீட்டினேன். படித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்போ நீ கரையறச்சே உள்ளே துக்கம் இல்லியா?" என்றார்.

"இல்லை."

"ஒண்ணுமே இல்லியா?"

"நேத்திக்கு அழுதப்போ மோர் புளிச்சிருக்குமேன்னு நெனச்சிண்டிருந்தேன்."

டாக்டரிடம் போனோம். நோட்டை அவரிடமும் காட்டினேன். அவர் அந்த வரியைப் படித்தார். பிறகு நல்லவேளையாகச் சிரித்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார்: அழுகை எவ்வளவு நேரம் இருக்கிறது, வருவதற்கு முன் மனதில் என்ன இருந்தது, நின்ற பிறகு என்ன, பசி எப்படி, தூக்கம் எப்படி. இதற்கு 'சூடோபல்பார் அஃபெக்ட்' என்று ஒரு பெயர் உண்டு என்றார். அழுகையையும் சிரிப்பையும் கட்டுப்படுத்தும் நரம்புப் பாதை பழுதாகிவிட்டால், உணர்ச்சி இல்லாமலே முகம் அழும், சிரிக்கும். "காலிங் பெல் ஷார்ட்டான மாதிரி. வாசல்ல ஆளில்லா, பெல் அடிக்கும்" என்று எனக்காகத் தமிழ் கலந்து சொன்னார். இதற்கும் அதே வகை மாத்திரைதானாம், அளவை மட்டும் குறைத்தார். நிஜ மனச்சோர்வும் இந்த நோயில் சேர்ந்து வரலாம், இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், அதனால் அடுத்த தடவையும் விவரமாகச் சொல்லுங்கள் என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. நான் அழ ஆரம்பித்தால் நித்யா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "தமிழா, மலையாளமா?" என்று கேட்பாள். நான் விக்கலுக்கு நடுவே "தமிழ்" என்று விரலை ஆட்டுவேன். அவள் வேலையைப் பார்ப்பாள். அடிக்கிற மணி தானே ஓயும். சொன்னால் நம்பமாட்டீர்கள், யாரும் ஓடிவந்து தேற்றாவிட்டால் அது சீக்கிரம் நின்றது. அவள் என்னோடு மறுபடி சண்டை போடவும் ஆரம்பித்தாள். எனக்கு அது மருந்தாக இருந்தது.

எனக்கு மலையாளச் சங்கடம் இல்லவே இல்லை என்று சொன்னால் பொய். ஒரு நாள் சாயங்காலம் நான் சும்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் சொட்டு நீர் இல்லை. நித்யா வந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது எது?" என்றாள். "மலையாளம்" என்றேன். பழைய கோமதி திரும்பி வரமாட்டாளோ என்ற பயம் அடிக்கடி அப்படி வந்து உட்காரும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் வலது கைவிரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள்.

ஷைலஜா மேடத்துக்கு ஹரிஹரனே மறுபடி போன் செய்தார். "கோமதி வரும்" என்று சொல்லிவிட்டு, அதற்கு முன் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டார். மேடம் கறாரானவர். வழக்கு ஐப்பசியில் எடுக்கப்படும், அதற்குள் அந்தப் பத்திரத்தை முடித்துக்கொண்டு வரட்டும், ஒவ்வொரு வரியாக நான் கேள்வி கேட்பேன், சந்தேகம் வந்தால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்றார். அது நியாயம்தான். தவறான கையெழுத்தால் ஒரு குடும்பம் வழியை இழக்கலாம்.

மூன்று பக்கப் பத்திரம். முன்பெல்லாம் ஒரு பகல் வேலை, இப்போது இரண்டு மாதம் எடுத்தது. கெட்டி அட்டையில் ஒரு வரி மட்டும் தெரியும்படி ஜன்னல் வெட்டி, அதைப் பத்திரத்தின் மேல் வைத்து நகர்த்துவேன். போனில் இருபது நிமிஷத்துக்கு அலாரம். அடித்ததும் கண்ணை மூடிப் படுத்துவிடுவேன். மலையாளத்தில் எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் நித்யாவிடம் படித்துக் காட்டி, அவளுக்கு என்ன புரிந்தது என்று சொல்லச் சொல்வேன். என் காதை நான் நம்பவில்லை. ஹரிஹரன் பழைய செய்தித்தாள்களைக் கொண்டுவந்து போடுவார், அவற்றின் ஓரங்களில் என் கையெழுத்தை எழுதிப் பழகினேன். 'கோ'வின் சுழி மட்டும் பல நாள் பிடிவாதம் பிடித்தது.

வெள்ளம் மட்டும் கடைசிவரை நின்றது. எனக்கு முதலில் கேட்பது தமிழ். அந்தத் தமிழ் என் கல்லிடைக்குறிச்சித் தமிழ். இதை எழுதியவர் எல்லையோரத்துக்காரர். எனக்கு என்ன கேட்கிறது என்பதா முக்கியம், எழுதியவருக்கு என்ன இருந்தது என்பதல்லவா? டாக்டரும் ஹரிஹரனும் என் சொல்லைத் தங்கள் காதால் கேட்டதில் வந்த வினையை நானே அனுபவித்திருக்கிறேன். அவரையே கேட்பது என்று முடிவு செய்தேன். அட்டையை முதல் வரியில் வைத்து, வெள்ளத்தை மட்டும் தேடிக்கொண்டு போனேன். இரண்டாம் பக்கத்தில், எல்லைகளைச் சொல்லும் இடத்தில், முன்பு நான் அவசரமாகத் தாண்டிப்போன ஒரு வரி: 'குடிக்க வெள்ளம் கோரும் கிணற்றுக்கு மேற்கு.' யாரும் வெள்ளப்பெருக்கைக் கிணற்றிலிருந்து இறைத்துக் குடிக்கமாட்டார்கள். இந்த மனிதருக்கு வெள்ளம் என்றால் தண்ணீர்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் வஞ்சியூருக்குப் போனோம். ஹரிஹரன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார், நான் உள்ளே போனேன். சந்திரிகா என் பழைய நாற்காலியைத் துடைத்து இழுத்துப் போட்டாள். மேடம் வரிவரியாகக் கேட்டார். வெள்ளத்துக்கு வந்தபோது, "எந்து கொண்டாணு வெள்ளம்னா தண்ணீர்?" என்றார். எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேள்வி. கிணற்று வரியைக் காட்ட விரலை வைத்தேன். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நான் விரலை எடுக்கவில்லை. மேடத்துக்கு ஹரிஹரன் முன்பே விஷயத்தைச் சொல்லியிருந்தார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் விரல் இருந்த வரியைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"சரி. அடிக்குறிப்பும் சேர்த்து ஒப்பிட்டோளூ" என்றார். ஒப்பு என்றால் இங்கே கையெழுத்து. 'மூலத்துக்கு உண்மையானது' என்று எழுதி, கீழே கோமதி என்று போட்டேன். சுழி சரியாக வந்தது.

வெளியே மழை பிடித்திருந்தது. பெஞ்சில் ஹரிஹரன் குனிந்து உட்கார்ந்திருந்தார். கதவு வழியாக எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். காகிதத்தைக் காட்டினேன். பார்த்தார், தலையை ஆட்டினார், பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கட்சிக்காரர்கள் இரண்டு பேர் எங்களைப் பார்த்துவிட்டு நகர்ந்து போனார்கள். ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் இந்த மனிதர் ஒரு தடவைகூட அழுது நான் பார்த்ததில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து, "தமிழா, மலையாளமா?" என்று கேட்டேன்.

முகத்திலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "மலையாளந்தான். ஆறு மாசமா வெச்சிண்டிருந்தேன்."